பெரிய லேத் எது வாங்கலாம்? குடும்பக் குழுவில் ஒரு சனிக்கிழமை

குமார்: எல்லோருக்கும் காலை வணக்கம். ரங்கூன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற கொட்டகையில் மரம் கடைகிற லேத் ஒன்று போடப்போகிறேன். மேஜை மேல் வைக்கிற சின்னது வேண்டாம், தரையில் நிற்கிற பெரிய லேத்தாகவே வாங்கிவிடலாம் என்று எண்ணம். இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். மோல்மேன் சித்தப்பா, நீங்கள் பார்த்துச் சொன்னால்தான் பணம் கட்டுவேன்.

[படம்] [படம்]

குமார்: முதல் படம் சீனா லேத். இரண்டு முனைக்கும் நடுவில் 40 அங்குல நீள மரம் மாட்டலாம். பெல்ட் மாற்றினால் 4 வேகம். இரண்டாவது லகூனா 18-36, பாங்காக்கிலிருந்து வரவழைக்க வேண்டும். நடுவில் 36 அங்குலம்தான், விலையோ பல மடங்கு. அதனால் முதலாவதே போதும் என்று படுகிறது.

வள்ளி அக்கா: எனக்கும் விலை குறைவானதுதான் பிடித்திருக்கிறது 🙂

சித்தப்பா: குமாரு, நீளத்தைப் பார்த்து முடிவு பண்ணாதே. என்ன கடையப்போகிறாய்? அதை முதலில் சொல்.

குமார்: சப்பாத்திக் கட்டை, கட்டில் கால் எல்லாம் உண்டு. ஆனால் ஆசை கிண்ணத்திலும் பெரிய மரத்தட்டிலும்தான். எங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை வெட்டினார்கள். ஒன்றரை அடி அகலத் துண்டுகள் வாங்கிப் போட்டிருக்கிறேன்.

பெகு மாமா: மாப்ளே, நம்ம வீட்டுப் பலாமரம் காற்றில் சாய்ந்தது ஞாபகம் இருக்கிறதா? அடிமரம் அப்படியே கிடக்கிறது. கோயில் பஜனைக்கு ஒரு மிருதங்கக் கட்டை கடைந்து கொடு.

குமார்: கட்டாயம் மாமா. அதுவும் கணக்கில் உண்டு.

சித்தப்பா: சரி, இப்போது கேள். கட்டில் கால், மேஜைக் கால் எதுவும் 30 அங்குலத்தைத் தாண்டாது. மிருதங்கம் இரண்டு அடி. அப்படியென்றால் 36 அங்குலமே தாராளம், மேலே இருக்கிற 4 அங்குலம் உனக்கு எதற்கும் ஆகாது. கிண்ணம் கடைகிறவன் பார்க்க வேண்டியது விட்டம். பெட்டுக்கு, அதாவது அடித்தண்டவாளத்துக்கு, மேலே எவ்வளவு அகலம் தட்டாமல் சுற்றும் என்று பார். முதலாவது 14 அங்குலம், லகூனா 18. அதுகூடப் பரவாயில்லை. அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. முதல் படத்தில் லேத் மேல் இருக்கிற விவரத் தகட்டைப் பெரிதாக்கிப் பார், கடைசி வரி.

குமார்: 810, 1180, 1700, 2480. இதுதானே?

சித்தப்பா: அதேதான். குறைந்த வேகமே நிமிடத்துக்கு 810 சுற்று. கடைசல்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். விட்டம் எத்தனை அங்குலமோ அதைச் சுற்றால் பெருக்கு. 6000க்கும் 9000க்கும் நடுவில் நிற்க வேண்டும். 12 அங்குலக் கிண்ணத்தை 810ல் போட்டால் 9720 வருகிறது. அதுவும் இந்தக் கணக்கு உருண்டையாகக் கடைந்து முடித்த மரத்துக்கு. நீ மாட்டப்போவது கோடரியில் பிளந்த பச்சைத் துண்டு. ஒரு பக்கம் பட்டை, ஒரு பக்கம் வைரமேறிய நடுமரம், எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதை 200, 250ல் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிய பிறகுதான் வேகம் கூட்டவேண்டும். 810ல் சுவிட்சைப் போட்டால் அதன் விளிம்பு மணிக்கு 46 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். மரத்தைக் கவ்வுகிற சக்கிலிருந்து அது கழன்றால் உன் முகத்துக்குத்தான் வரும்.

அம்மா: ஐயோ, என்னடா இது! வேண்டாம்டா குமாரு.

சித்தப்பா: அண்ணி, பயப்படாதீர்கள். சரியான மெஷினாக இருந்தால், நிதானமாக வேலை செய்தால் ஒன்றும் ஆகாது. நான் இத்தனை வருஷமாகக் கட்டில் கால் கடைந்துதானே பிள்ளைகளை வளர்த்தேன்.

தம்பி சரவணன்: சித்தப்பா, இரண்டாவது லேத்தில் குறைந்த வேகம் 50 என்று இருக்கிறது. அது எலக்ட்ரானிக் வேகம். உள்ளே 3 பேஸ் மோட்டார், அதை ஓட்ட வேகத்தை மாற்றுகிற இன்வெர்ட்டர் டிரைவ், பேட்டரி இன்வெர்ட்டர் இல்லை. வீட்டு 1 பேஸ் லைனிலேயே ஓடும். திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும். பெல்ட்டுக்கு இரண்டே கட்டம். கீழ்க் கட்டத்தில் 50 முதல் 1300, மேல் கட்டத்தில் 3500 வரை.

சித்தப்பா: அதுதான் வேண்டும். கிண்ணத்துக்குக் கீழ்க் கட்டம், சின்னச் சாமானுக்கு மேல் கட்டம். கீழ்க் கட்டத்தில் பெல்ட் இருந்தால் மெதுவாகச் சுற்றும்போதும் இழுவை இருக்கும். பெல்ட்டை மேலேயே விட்டுவிட்டுத் திருகை மட்டும் குறைத்தால் உளி கொஞ்சம் அழுத்தியதும் மரம் நின்றுவிடும். 2 குதிரைத்திறன் உனக்குப் போதும்.

அப்புறம் எடை. முதலாவதைத் தூக்கிப் பார்த்தாயா?

குமார்: நானும் கடைக்காரப் பையனும் இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்தினோம். சுலபமாகத்தான் இருந்தது.

சித்தப்பா: அந்தச் சுலபம்தான் வினை. எடை சாய்ந்த மரம் சுற்றும்போது மெஷின் நடக்க ஆரம்பிக்கும். குழாய் பெட் முறுக்கும், மரத்தைச் சுற்றுகிற தலைப்பகுதி ஹெட்ஸ்டாக் அதிரும், உளி மரத்தில் தாவும். வார்ப்பிரும்பு பெட் அதிர்வை விழுங்கிவிடும். லகூனா 200 கிலோ என்று போட்டிருக்கிறது. பவர்மேட்டிக் 3520 என்று ஒன்று உண்டு, 20 அங்குலம் சுற்றும், 300 கிலோவுக்கு மேல் எடை. அது கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ஆனால் உன் கொட்டகைக்கு அவ்வளவு தேவையில்லை. கொட்டகைத் தரை என்ன?

குமார்: பாதி சிமெண்ட், பாதி பலகை.

சித்தப்பா: சிமெண்ட் பக்கம் வை. பலகைத் தரையில் வைத்தால் எடையெல்லாம் வீண். வைக்கும்போது உயரமும் பார். மரத்தைச் சுற்றுகிற அச்சான ஸ்பிண்டிலின் நடு உன் முழங்கை மட்டத்துக்கு வரவேண்டும். தாழ்ந்தால் காலுக்கடியில் கட்டை கொடு. குனிந்தே கடைந்தால் சாயங்காலம் இடுப்பு போய்விடும்.

தம்பி சரவணன்: அண்ணே, ரங்கூன் கரெண்டை மறந்துவிடாதே. இதைக் கவனமாகப் படி. முதலாவது லேத்தில் இருப்பது சாதா சுவிட்ச். கடைந்துகொண்டிருக்கும்போது கரெண்ட் போகும். நீ உளியை அதன் தாங்கியான டூல் ரெஸ்டிலேயே வைத்துவிட்டு டீ குடிக்கப் போவாய். சுவிட்ச் ஆனிலேயே இருக்கும். மூன்று மணி நேரம் கழித்துக் கரெண்ட் வந்ததும் ஆள் இல்லாமலே மெஷின் சுற்ற ஆரம்பிக்கும். பக்கத்தில் பிள்ளைகள் நின்றால்? கரெண்ட் போனால் தானாகவே விழுந்துவிடுகிற சுவிட்ச் வேண்டும். திரும்பப் பச்சைப் பொத்தானை அமுக்கினால்தான் ஓடணும். எந்த மெஷின் வாங்கினாலும் இது இல்லாமல் நான் வயர் கொடுக்க மாட்டேன்.

வள்ளி அக்கா: இதைக் கேட்ட பிறகு விலை குறைவானது வேண்டாம். சரவணா, ஜெனரேட்டரில் ஓடுமா?

தம்பி சரவணன்: டிரைவ் வைத்தது ஓடும் அக்கா. சாதா மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரெண்டை ஒரே இழுப்பாக இழுக்கும், சின்ன ஜெனரேட்டர் திணறும். டிரைவ் மெதுவாக ஏற்றும். 2 குதிரைத்திறன் என்றால் 1500 வாட். 5 கேவிஏ ஜெனரேட்டர் தாராளம். ஆனால் வோல்டேஜ் ரொம்ப இறங்கினால் டிரைவ் தானே நின்றுவிடும். மாலையில் எல்லோரும் விளக்குப் போடுகிற நேரத்தில் வேலை வைத்துக்கொள்ளாதே.

பெகு மாமா: மிருதங்கம் என்ன ஆச்சு மச்சான்?

சித்தப்பா: மச்சான், வெளிப்பக்கத்தை இவன் அழகாகக் கடைந்துவிடுவான். நடுவயிறு 10, 11 அங்குலம்தானே, இந்த லேத்தில் கண்டிப்பாகச் சுற்றும். உள்ளே குடைவதுதான் பெரிய வேலை. உளி டூல் ரெஸ்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். கொஞ்சம் பிடித்தால் கையையே திருகிவிடும். மரத்தை நடுவில் தாங்க வளையத் தாங்கி வேண்டும், கனமான நீளக் கம்பி உளி வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவன் அதில் கை வைக்கக்கூடாது. ஒரு வருஷம் கிண்ணம் கடையட்டும். அதுவரைக்கும் பலாவை நீளத்துக்கு அறுத்து, இரண்டு முனையிலும் மெழுகு பூசி நிழலில் போடு. பூசாவிட்டால் முனையிலிருந்து வெடித்துக்கொண்டே போகும்.

பெகு மாமா: சரி மச்சான். இன்றைக்கே பூசிவிடுகிறேன்.

குமார்: சித்தப்பா, தேக்கு கடையலாமா? சின்னத் துண்டுகள் ஒருவர் தருகிறேன் என்கிறார்.

சித்தப்பா: காகிதம் இருக்கிறதா என்று கேள். நம்ம பர்மாவில் 1992ஆம் வருஷ வனச் சட்டம் நிற்கிற தேக்கு எங்கே இருந்தாலும் அரசாங்கத்துக்குச் சொந்தம் என்றது. எங்கிருந்து வந்தது என்று தெரியாத தேக்கை வீட்டில் வைக்காதே. கடைசலுக்கும் அது லேசுப்பட்டது இல்லை. அதற்குள் மணல் மாதிரிச் சிலிக்கா இருக்கிறது, உளி முனையை அரித்துவிடும். படாக் மரம் என்றால் சிவப்புத் தூள் பறக்கும், தும்மலும் அரிப்பும் வரும். முகத்துக்கு முழுக் கண்ணாடி மூடி, மூக்குக்கு நல்ல மாஸ்க், இரண்டும் மெஷினோடு சேர்த்து வாங்கு. தூங்குமூஞ்சியும் பலாவும் போதும். பச்சையாக இருக்கும்போது கிண்ணத்தைத் தடிமனாகக் கடை. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர், 12 அங்குலத்துக்கு ஒன்றேகால் அங்குலம். அதைக் காயவிட்டு மறுபடி கடைந்தால் கோணாது. மழைக்காலத்தில் காயப் பல மாதம் பிடிக்கும், அவசரப்படாதே.

வள்ளி அக்கா: மொத்தச் செலவு எவ்வளவு என்று யாராவது சொல்லுங்கள். லேத்தோடு முடிந்துவிடுமா?

சித்தப்பா: முடியாது வள்ளி. நாலு தாடைச் சக், 8 அங்குல கிரைண்டர், உளிகள் எல்லாம் வேண்டும். கிரைண்டர் நிமிடத்துக்கு 1400 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடுகிற மெதுவான ரகம் வாங்கச் சொல். உளி மழுங்கினால் லகூனாவும் சீனாவும் ஒன்றுதான். இன்னொன்று, குமாரு. உருளை உருட்டுகிற பெரிய கவுஜை, அதாவது குழி உளியை, வைத்துக் கிண்ணம் கடையாதே. அதன் வால் மெல்லியது, கிண்ணத்தில் மாட்டினால் பிடியோடு ஒடிந்துவிடும். கிண்ணத்துக்கு என்று தனிக் கவுஜ், கம்பி முழுத் தடிமனாகக் கைப்பிடிக்குள் போகும். ஆரம்பத்தில் மூன்று உளி போதும், 8 உளி இருக்கிற பெட்டியெல்லாம் வேண்டாம்.

வள்ளி அக்கா: அப்படியானால் லேத்துக்கு ஒதுக்குவதில் பாதியாவது தனியாக எடுத்துவை, தம்பி. இல்லையென்றால் மெஷின் வந்து நிற்கும், கடைய உளி இருக்காது.

அம்மா: கைலியோடு அதன் பக்கத்தில் போகக்கூடாது. கழுத்துச் சங்கிலியும் கழற்றிவிடு.

சித்தப்பா: அண்ணி சொல்வது நூற்றுக்கு நூறு. கால்சட்டை, இறுக்கமான அரைக்கைச் சட்டை. கையுறை போடவே கூடாது, அது விரலோடு இழுத்துக்கொண்டு போகும்.

குமார்: சரி சித்தப்பா. லகூனாவையே சொல்லிவிடுகிறேன். ஆர்டர் போடும் முன் வேறு என்ன கேட்கணும்?

சித்தப்பா: ஸ்பிண்டில் மரை என்ன என்று எழுத்தில் வாங்கு. ஒன்றேகால் அங்குலத் தடிமனில் அங்குலத்துக்கு 8 மரையா, இல்லை 33 மில்லிமீட்டர் எம்33ஆ? அதற்கு ஏற்ற சக்தான் வாங்கணும், மாறினால் மாட்டவே முடியாது. மரத்தின் மறுமுனையைத் தாங்குகிற டெயில்ஸ்டாக்கின் கூம்புத் துளை, அதாவது டேப்பர், 2ஆம் நம்பர் மோர்ஸ் அளவுதானா என்றும் கேள். பெட்டியைத் திறந்ததும் லேத்தின் பெட்டைத் துணியால் துடைத்து மெழுகு போடு. நம்ம ஊர் ஈரத்தில் வார்ப்பிரும்பு ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும்.

தம்பி சரவணன்: மோட்டார் தகட்டில் 50/60 ஹெர்ட்ஸ், 220 வோல்ட் என்று இருக்கிறதா என்று படம் அனுப்பச் சொல். நாளைக்கு வந்து மீட்டரிலிருந்து தனி லைன் இழுக்கிறேன். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 16 ஆம்பியர் பிரேக்கரும் நானே கொண்டுவருகிறேன்.

குமார்: வா தம்பி. மரைக்கும் தகட்டுக்கும் இப்போதே எழுதிப் போடுகிறேன். பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.