பேச்சு ஆங்கிலத்தில் ‘ஹேவ்’ எப்போது வரும்?

கேள்வி:
பயிற்சித்தாளில் பிரசன்ட் பெர்ஃபெக்ட் (‘ஹேவ்’ சேர்ந்து வரும் வினைவடிவம்) வாக்கியங்களைப் பிழையின்றி எழுதிவிடுகிறேன். ஆனால் பேசும்போது ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்று வந்துவிடுகிறது. தமிழில் ‘போன வருடம் அவரைப் பார்த்திருக்கிறேன்’ என்பது சரிதானே, ஆங்கிலத்தில் மட்டும் ஏன் தவறாகிறது?

மறுமொழி 1:
சிக்கலின் வேரை நீங்களே தொட்டுவிட்டீர்கள். தமிழின் ‘இருக்கிறேன்’ கடந்த காலத்தைச் சுட்டும் சொல்லோடு இணங்கிப் போகும். ஆங்கிலத்தின் ‘ஹேவ்’ பொதுவாக இணங்காது. நேற்று, 2019இல் என முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால் ‘ஐ சா ஹிம்’ என்பதே சரி. ‘ஐ ஹேவ் லாஸ்ட் மை கீ’ என்பவர், சாவி எப்போது தொலைந்தது என்பதை அல்ல, அது இன்னும் கிடைக்காமல் கதவுக்கு வெளியே தாம் நிற்பதையே சொல்கிறார்.

மறுமொழி 2:
என்னை அதிகம் வழுக்கியது வேறு இடம். ‘ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்’ என்ற நிகழ்காலத்தை அப்படியே பெயர்த்து, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்பேன். ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்’ என்றே தொடங்க வேண்டும்.

மறுமொழி 3:
உரையாடலில் ‘ஹேவ்’ பெரும்பாலும் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ‘ஹேவ் யூ எவர் ரிடன் எ ஹார்ஸ்?’ என்று கேட்டு, ஆம் என்ற விடை வந்ததும், ‘வென் டிட் யூ ரைட் ஒன்?’ என இறந்தகாலத்துக்கு மாறிவிடுவார்கள். அமெரிக்கர்கள் ‘ஹேவ் யூ ஈட்டன் யெட்?’ என்பதற்குப் பதிலாக ‘டிட் யூ ஈட் யெட்?’ என்றும் இயல்பாகக் கேட்பதுண்டு. அதைக் கேட்டுக் குழம்பாதீர்கள்.