கலைச்சொல் உதவி: டி.ஆர்.எல். – ‘வரம்பு’ வேண்டாம், வேறு என்ன?

சி.டி. பயிற்றுநர், திருச்சி

அனைவருக்கும் வணக்கம்.

சி.டி. ஸ்கேன் அறையில் கன்சோலுக்கு மேலே ஒட்ட ஒரு தாள் தயாரிக்கிறோம். பட்டயப் படிப்பு மாணவர்களும் பணியில் இருக்கும் நுட்பநர்களும் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். எல்லாம் ஒருவழியாக முடிந்து, டி.ஆர்.எல். என்ற ஒன்றில் வந்து நிற்கிறது. விரித்தால் டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல். பன்னாட்டுக் கதிரியல் பாதுகாப்பு ஆணையம் 1996இல் கொண்டுவந்த சொல். ஒரே வகை ஸ்கேனுக்குப் பல மருத்துவமனைகளில் எவ்வளவு டோஸ், அதாவது கதிர் அளவு, ஆகிறது என்று திரட்டி வரிசைப்படுத்துகிறார்கள். முக்கால் பங்கு மருத்துவமனைகள் எந்த எண்ணுக்குள் அடங்குகின்றனவோ அதுதான் டி.ஆர்.எல். ஐரோப்பிய ஆணையத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டியில் தலை ஸ்கேனுக்கு அது 60 மில்லிகிரே.

எங்கள் பழைய கையேட்டில் ‘டோஸ் வரம்பு’ என்று இருக்கிறது. அதை எடுத்தே ஆக வேண்டும். வரம்பு நமக்கு, அதாவது பணியாளர்களுக்கு: 5 ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், இந்தியாவில் எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. நோயாளிக்கு அப்படி வரம்பு கிடையாது. தேவையான ஸ்கேனை எடுத்துத்தான் ஆக வேண்டும். ஒரு நோயாளிக்கு டி.ஆர்.எல். தாண்டினால் தவறு என்று பொருளில்லை. அந்த மையத்தின் நடு மதிப்பே தொடர்ந்து தாண்டினால் காரணம் தேட வேண்டும். இதைச் சொல்லும் தமிழ்ச் சொல் வேண்டும்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

அம்மா, சொல் ஏற்கெனவே இருக்கிறது. ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்’ என்பது 505ஆம் குறள். கட்டளைக்கல் என்பது பொன்னை உரைத்துப் பார்க்கும் கல். ஒப்பிட்டுப் பார்க்க உதவும் அளவு ‘கட்டளை அளவு’. இதைவிடப் பொருத்தமாக எதுவும் அமையாது.

கூடவே ‘டோஸ்’ என்பதையும் விட்டுவிடுங்கள். டகரம் தமிழில் மொழிமுதல் வராது. அதோடு டோஸ் வாங்கினான் என்றால் திட்டு வாங்கினான் என்றுதான் நம் மக்கள் புரிந்துகொள்வார்கள். மூலம் கிரேக்கம், கொடுத்தல் என்று பொருள். ஆகவே ‘கதிர்க்கொடை’ எனலாம். இங்கே ஒன்று யோசிக்க வேண்டும். ‘ஈ தா கொடு எனக் கிளக்கும் மூன்றும்’ என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு. கருவியிடம் நோயாளி எதையும் கேட்கவில்லையே, அப்படியானால் மூன்றில் எது பொருந்தும் என்று நேற்றிரவு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் முடிவுக்கு வரவில்லை.

மருத்துவ இயற்பியலாளர், கோவை

ஐயா, கொடை என்பதில் எனக்குத் தயக்கம். குழாயிலிருந்து புறப்படும் கதிரில் ஒரு பகுதி உடம்பைக் கடந்து மறுபக்க உணரிக்குப் போகிறது. அதுதான் படமாகிறது. உடம்பில் தங்கிய ஆற்றல்தான் டோஸ். ஒரு கிலோவுக்கு ஒரு ஜூல் தங்கினால் ஒரு கிரே. கொடுத்தது எவ்வளவு என்பது கணக்கில்லை, ஏற்றது எவ்வளவு என்பதே கணக்கு. எனவே ‘கதிரேற்பு’.

அதிலும் ஒரு சிக்கல். கன்சோலில் சி.டி.டி.ஐ. என்று தெரியும் டோஸ் எண் நோயாளி ஏற்றதே கிடையாது. நோயாளிக்குப் பதில் வைத்து அளக்கும், 16 செ.மீ. அல்லது 32 செ.மீ. விட்டமுள்ள அக்ரிலிக் உருளை ஏற்றது. 32 செ.மீ. உருளையை வைத்துக் காட்டும் எண்ணைப் பார்த்து, 16 செ.மீ. குறுக்களவுள்ள குழந்தைக்கு அவ்வளவுதான் என்று எண்ணினால், உண்மையில் சுமார் இருமடங்கு ஆகியிருக்கும். அதையும் ‘கதிரேற்பு’ என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

‘கட்டளை அளவு’ வேண்டவே வேண்டாம். இன்று கட்டளை என்றால் உத்தரவு. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் உத்தரவு போட்ட எண் என்று நினைத்துவிடுவார்கள்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

உத்தரவு என்பது பிற்காலப் பொருள். கட்டளைக் கலித்துறை என்ற பாவினத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நேரசையில் தொடங்கினால் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. ஒற்றெழுத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எவ்வளவு நுட்பமான அளவைச் சொல் பாருங்கள்!

மருத்துவ இயற்பியலாளர், கோவை

ஐயா, நான் சொல்ல வந்ததும் அதுவே. அங்கே ஓர் எழுத்து கூடினால் பாட்டு பிழை. இங்கே ஓர் எண் கூடினால் பிழை இல்லை. பருமனானவருக்குக் கூடத்தான் செய்யும்.

சி.டி. நுட்பநர், திருநெல்வேலி

மேடம், நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சுவரில் ‘வரம்பு’ என்று எழுதி, பக்கத்திலேயே எண்களும் எழுதியிருந்தார்கள். இரவுப் பணியில் புதுப் பையன். நல்ல பருமனான ஒருவருக்கு வயிறு ஸ்கேன். ஸ்கவுட், அதாவது முன்னோட்டப் படம், எடுத்ததும் திரையில் காட்டிய மதிப்பு சுவரில் இருந்ததைவிட அதிகம். பயந்துபோய் எம்.ஏ.வை, அதாவது குழாயின் மின்னோட்டத்தை, கையாலேயே குறைத்துவிட்டான். படம் ஒரே பொரிப்பொரியாக வந்தது, கல்லீரலில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் டாக்டர் பார்த்துவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னார். ஒரு தடவை வாங்க வேண்டியதை அவர் இரண்டு தடவை வாங்கினார். அந்தப் பையனை எல்லோரும் திட்டினார்கள். அவன் சுவரில் இருந்ததைத்தான் படித்தான்.

அதனால் எந்தச் சொல் வைத்தாலும் சரி, படித்தவுடன் கை நடுங்கக் கூடாது. ‘என்ன காரணம்?’ என்று பார்க்கத் தோன்ற வேண்டும். ஆள் கான்ட்ரி வளையத்தின் நடுவில் சரியாகப் படுத்திருக்கிறாரா, நெஞ்சு ஸ்கேனுக்குக் கையை மேலே தூக்கியாயிற்றா, நீளம் தேவைக்கு மேல் போகிறதா, ஒரு ஃபேஸ், அதாவது ஒரு சுற்று ஸ்கேன், போதும் என்னும் இடத்தில் மூன்று போகிறதா, இப்படி. ‘டோஸ்’ அப்படியே இருக்கட்டும். கன்சோல் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாரும் அதைத் திட்டு என்று நினைக்க மாட்டார்கள்.

கதிர்ப்பட நுட்பவியலாளர், யாழ்ப்பாணம்

வணக்கம் ஐயா, அம்மா. தம்பி எழுதியதை வாசித்ததும் எனக்கு ஒரு சொல் வந்தது. ரெஃபரன்சுக்கு உசாத்துணை என்று நாங்கள் நெடுநாளாகப் புழங்குகிறோம். உசாவுதல் என்றால் கேட்டறிதல். இந்த எண்ணைத் தாண்டினால் காரணத்தை உசாவு என்பதுதானே கருத்து? ஆகவே ‘உசாவளவு’. மூலச் சொல்லில் இல்லாத தெளிவுகூட இதில் உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எங்கள் மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிறீன் மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். புதுச் சொல்லுக்கு மாணவர் பழகமாட்டார் என்று நாங்களே முடிவுகட்டக் கூடாது. இன்னொரு வேண்டுகோள்: தாளில் ஓரிடத்திலும் கதிரியக்கம் என்று போட்டுவிடாதீர்கள். நாங்கள் கதிர்த்தொழிற்பாடு என்பது அதைத்தான்: ஒரு பொருள் தானாகவே கதிர் வீசிக்கொண்டிருப்பது. எக்ஸ் கதிர்க் குழாயை நிறுத்தினால் கதிரும் நின்றுவிடும். ஸ்கான் முடிந்தபின் பிள்ளையைத் தூக்கலாமா என்று தாய்மார் அழுதுகொண்டு கேட்பதற்கு இந்தக் குழப்பமே காரணம்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

உசாவளவு அழகான சொல். கட்டளையை விட்டுக்கொடுக்க மனமில்லை. ஆனாலும் இதை எதிர்க்க மாட்டேன்.

சி.டி. நுட்பநர், திருநெல்வேலி

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் அறையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு பேர் ‘உஷார் அளவா?’ என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் உஷார் அளவும் நல்ல சொல்தான், நடுராத்திரியிலும் புரியும்.

தமிழாசிரியர் (ஓய்வு), மதுரை

தம்பி, உஷார் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

மருத்துவ இயற்பியலாளர், கோவை

வேற்றுமொழி என்பதற்காக இல்லை, பொருளுக்காகவே நானும் வேண்டாம் என்பேன். உஷார் என்றால் ஆபத்து. மறுபடி அந்தப் பையனைப் பயமுறுத்துகிறோம். ‘ஒப்பளவு’ போதும். ஒப்பிட்டுப் பார்க்கும் அளவு, எல்லோருக்கும் புரியும்.

சி.டி. பயிற்றுநர், திருச்சி

நாளை காலை கோப்பு போகிறது. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ‘ஒப்பளவு’ பக்கம்தான் அதிகம் பேர். அதையே போடுகிறேன், பக்கத்தில் டி.ஆர்.எல். என்று இருக்கும். டோஸ் டோஸாகவே நிற்கிறது. கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: ‘இது வரம்பு அல்ல. தாண்டினால் எம்.ஏ.வைக் கண்மூடிக் குறைக்காதீர்கள். ஆள் படுத்திருக்கும் நிலை, ஸ்கேன் நீளம், ஃபேஸ் எண்ணிக்கை, புரோட்டோகால் நான்கையும் பாருங்கள்.’ கதிரியக்கம் இரண்டு இடத்தில் இருந்தது, கதிர்வீச்சு என்று மாற்றிவிட்டேன்.

கதிர்ப்பட நுட்பவியலாளர், யாழ்ப்பாணம்

நல்லது அம்மா. என் மறுப்பையும் பதிந்துவைக்கிறேன்: ஒப்பளவு ஒப்பிடு என்பதோடு நின்றுவிடுகிறது, ஒப்பிட்டபின் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. அதற்குத்தான் உங்களுக்குக் கீழே ஒரு வரி தேவைப்பட்டது. எங்கள் வகுப்பில் உசாவளவு என்றே எழுதப் போகிறேன்.

மருத்துவ இயற்பியலாளர், கோவை

சி.டி.டி.ஐ. கட்டத்துக்குத் தலைப்பு என்ன வைத்தீர்கள்? ‘நோயாளி டோஸ்’ என்று இருந்தால் அச்சுக்கு அனுப்பாதீர்கள். இன்றிரவு அழைக்கிறேன்.