கூட்ஸ் வண்டி ஓட ஓட பழைய இரும்புப் பாலத்துக்கு என்ன ஆகிறது?

கடலோரன்: பாம்பன் பழைய பாலத்தில் சின்ன வயதிலிருந்து போய்வந்தவன் நான். 1914இல் திறந்தது, மீட்டர் கேஜுக்காகக் கட்டியது, 2007இல் அதை வலுப்படுத்தி அகலப்பாதை வண்டி விட்டார்கள், 2022 டிசம்பரில் ஒரேயடியாக நிறுத்திவிட்டார்கள். காரணம் எடையா, துருவா? எங்கள் ஊர் ஆற்றுப் பாலமும் வெள்ளைக்காரன் காலத்துக் கர்டர்தான், கூட்ஸ் வண்டிகள் போகின்றன, அதனால் கேட்கிறேன்.

சுத்தியல்: தம்பி, பாலப் பராமரிப்பில் இருந்தவன் சொல்கிறேன். பாலத்தைத் தாங்குகிற பெரிய முக்கோணச் சட்டத்துக்கு, அதாவது ட்ரஸ்ஸுக்கு, ஒரு வண்டி முழுக்கப் போனாலும் பாரத்தில் பெரிதாக ஒரு ஏற்ற இறக்கம்தான். தண்டவாளத்துக்கு நேர் கீழே கிடக்கிற ஸ்ட்ரிங்கர் என்ற சின்ன உத்தரத்துக்கு அப்படியில்லை, 58 வேகன் போனால் குறைந்தது 58 முறை வளைந்து நிமிரும், விரிசல் பெரும்பாலும் அங்கேதான், தகடுகளை இணைக்கிற ரிவெட் ஆணியின் துளை ஓரத்தில் மயிரிழையாக ஆரம்பிக்கும். இப்படி வளைந்து வளைந்தே இரும்பு பலமிழப்பதைத்தான் சோர்வு என்போம், எடை பத்து சதவீதம் கூடினால் இந்தச் சோர்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் அது அடிக்கிற அடி தனி.

உப்புக்காற்று: பாம்பனில் ஓடியது பெரும்பாலும் பயணிகள் வண்டி, அதுவும் ஊர்ந்துதான் போகும். அங்கே பெரிய எதிரி உப்புதான். ஆனால் துரு வேறு, எடை வேறு என்று பிரிக்காதீர்கள். 12 மி.மீ. தகடு அரித்து 9 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதே வண்டிதான், தகட்டில் ஏறும் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, சோர்வு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும்.

கடலோரன்: சரி ஐயா, அப்போ வேகத்தைக் குறைத்தால் போதாதா?

சுத்தியல்: அதிர்ச்சி குறையும், எடை குறையாதே. பயந்துவிடவும் வேண்டாம், ரிவெட் பாலத்தில் பல தகடுகள் சேர்ந்திருப்பதால் ஒன்றில் விட்ட விரிசல் உடனே அடுத்ததற்குத் தாவாது, பார்த்துச் சரிசெய்ய நேரம் கிடைக்கும், பார்க்க ஆள் வேண்டும் அவ்வளவுதான். ரிவெட் தலையின் ஒரு பக்கம் விரலை வைத்து மறுபக்கம் சுத்தியலால் தட்டுவோம், தளர்ந்திருந்தால் விரலுக்கு அசைவு தெரியும். நீங்கள் பாலத்தில் ஏற வேண்டாம், கரையிலிருந்தே பாருங்கள், பெயின்ட் மேல் ரிவெட்டிலிருந்து புதுசாகப் பழுப்புக் கோடு வழிந்திருந்தால் போட்டோ எடுத்து ஸ்டேஷன் மாஸ்டரிடம் காட்டுங்கள்.