ஸ்லாஷ் 4×4 டிரக்கைக் களிமண் தடப் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி?

களிமண்தடம்:

அனைவருக்கும் வணக்கம். இதுவரை திறந்த மைதானங்களில் ஓட்டிவந்த டிராக்ஸஸ் ஸ்லாஷ் 4×4 என்ற ரிமோட் கன்ட்ரோல் (ஆர்.சி.) டிரக்கை இப்போது கிளப்பின் களிமண் தடத்தில் பந்தயத்துக்கு இறக்கியிருக்கிறேன். விதிப்படி 2எஸ் லைப்போ (இரண்டு செல் கொண்ட லித்தியம் பாலிமர்) பேட்டரிதான் அனுமதி. மோட்டார் வண்டியோடு வந்த 3500 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 3500 சுற்று) பிரஷ்லெஸ். சாஸி, ஸ்லிப்பர் கிளட்ச் (திடீர் விசையில் சற்று வழுக்கிக் கியரைக் காப்பது), டயர், ஆயில் எதையும் இன்னும் மாற்றவில்லை.

சிக்கல்கள் இரண்டு. வளைவிலிருந்து வெளியேறும்போது த்ராட்டில் கொடுத்தவுடன் வண்டி திரும்ப மறுத்து வெளிப்பக்கமாக விலகிச் செல்கிறது. பெரிய ஜம்ப்களில் மூக்கைத் தூக்கிக்கொண்டு மிதந்து, பின் பம்பர் தரையில் மோதும்படி இறங்குகிறது. 4600 கேவி மோட்டாரும் நடு டிஃபரன்ஷியலும் (முன், பின் அச்சுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பற்சக்கரத் தொகுதி) வாங்கினால் இரண்டும் சரியாகிவிடும் என்கிறார் ஒரு கடைக்காரர். எதிலிருந்து தொடங்குவது?

பற்சக்கரம்:

மோட்டாரை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஆன 2எஸ் பேட்டரி 8.4 வோல்ட் தருகிறது. அதை 3500ஆல் பெருக்கினால் சுமையற்ற நிலையில் நிமிடத்துக்கு 29,400 சுற்றுகள். ஒரு கிளப் தடத்துக்கு இது போதும். வளைவில் த்ராட்டில் கொடுக்க முடியாமல் தவிக்கும் வண்டிக்கு மேலும் வேகமான மோட்டாரைப் போட்டால் அந்தத் தவிப்புதான் கூடும்.

முதல் செலவு டயராக இருக்கட்டும். வண்டியோடு வரும் டயர் எல்லா நிலத்துக்கும் பொதுவானது. தண்ணீர் தெளித்து இறுகிய களிமண்ணில் அதன் பெரிய கட்டைகள் வளைந்து கொடுக்குமே தவிரப் பிடிக்காது. உங்கள் தடத்தில் முன்வரிசையில் வருபவர்கள் எந்த மாதிரியை, எந்தக் காம்பவுண்டில் (ரப்பர் கலவையில்) போடுகிறார்கள் என்று கேட்டு அதையே வாங்குங்கள். இந்தக் கேள்விக்குப் பொய் சொல்லும் ஆர்.சி. ஓட்டுநரை நான் இன்னும் பார்க்கவில்லை. உள்ளே மூடிய துளை ஃபோம் வைத்து, டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்தில் சுற்றிலும் சரியாக அமர்ந்த பிறகே பசை விடுங்கள்.

அடுத்தது நடு டிஃபரன்ஷியல். இதில் கடைக்காரர் சொல்வது சரி. ஸ்லிப்பர் உள்ள ஸ்லாஷில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே தண்டால் பூட்டப்பட்டவை. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்ல வேண்டியிருந்தும், இரண்டும் ஒரே வேகத்தில் சுழலக் கட்டாயப்படுத்தப்படுவதால் வண்டி நேராகத் தள்ளிக்கொண்டு போகிறது. நடு டிஃப் அந்தக் கட்டைத் தளர்த்துகிறது. ஆனால் அதில் ஊற்றும் சிலிகான் ஆயில் மிக மெல்லியதாக இருந்தால், முடுக்கும்போது எடை பின்னால் சாய, எடை குறைந்த முன் சக்கரங்கள் வெறுமனே சுழன்று சக்தியைத் தின்றுவிடும். மிகக் கெட்டியாக இருந்தால் பழைய பூட்டு நிலைக்கே திரும்பிவிடுவீர்கள். முன் டிஃபிலும் நடு டிஃபிலும் 10,000, பின் டிஃபில் 5,000 என்ற எண்ணுள்ள ஆயிலோடு தொடங்குங்கள். த்ராட்டிலை விட்டதும் இன்னும் கூர்மையாகத் திரும்ப வேண்டுமென்றால் முன் ஆயிலை மெல்லியதாக்குங்கள். த்ராட்டில் கொடுக்கும்போது முன்பக்கம் வண்டியை வளைவிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் அதையே கெட்டியாக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு டிஃபை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒரே இரவில் கழற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மேட்டுநிலம்:

பற்சக்கரம் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஜம்ப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். விஸ்கான்சினின் கிராண்டன் தடத்தில் ஓடும் நிஜமான ப்ரோ 4 (நான்கு சக்கர இயக்கப் பந்தயப் பிரிவு) டிரக்குகளின் தோற்றத்தைத்தான் இந்தச் சிறு வண்டிகள் பின்பற்றுகின்றன. பந்தய பக்கிகளின் (சக்கரங்கள் வெளியே தெரியும் தாழ்ந்த வண்டிகளின்) பாடி சாஸியை ஒட்டி ஒடுங்கியிருக்கும். இவற்றின் பாடியோ நான்கு சக்கரங்களையும் மூடிக்கொண்டு அகலமாக நிற்பதால், பறக்கும்போது அடியில் புகும் காற்று வெளியேற வழியின்றிக் குடையைப் பிடித்ததுபோல் வண்டியைத் தூக்குகிறது. பின்புறத் தட்டிலும் சக்கர வளைவுகளுக்குப் பின்னாலும் துளைகள் வெட்டுவது வழக்கம். முதலில் ரீமரால் (கூம்பு வடிவத் துளைக்கருவி) சிறு துளை போட்டு, பிறகு பிளாஸ்டிக் பாடி வெட்டும் வளைந்த லெக்ஸான் கத்தரியால் விரிவுபடுத்துங்கள். மூலைகளைக் கூராக விட்டால் அடுத்த மோதலில் அங்கிருந்துதான் பாடி கிழியும். எவ்வளவு வெட்டலாம் என்பதைக் கிளப் விதியில் பார்த்துவிட்டுக் கத்தரியை எடுங்கள்.

மீதி உங்கள் விரலில் இருக்கிறது. ஆகாயத்தில் த்ராட்டில் கொடுத்தால் சக்கரங்கள் வேகம் பெறும், அதன் எதிர்விசையால் மூக்கு உயரும். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும். நான்கு சக்கரங்களும் சுழலும் வண்டியில் இது இன்னும் அழுத்தமாகத் தெரியும். ஜம்ப்பின் விளிம்பு வரை முழு த்ராட்டிலை அழுத்திக்கொண்டே போகும் பழக்கம் இருந்தால், பாடியில் எத்தனை துளை போட்டாலும் பலன் பாதிதான்.

தாழ்மையம்:

மேலே இருவரும் விட்ட ஒன்று சாஸி. ஸ்லாஷின் சாதாரண சாஸியில் பேட்டரி உயரத்தில் அமர்கிறது. நல்ல டயர் போட்டுப் பிடிப்பு வந்ததும் வண்டி விலகுவது நின்று, வளைவில் பக்கவாட்டில் உருளத் தொடங்கும். ஆகவே நடு டிஃபுக்கு முன்பே, டிராக்ஸஸே தாழ்ந்த எடைமையத்துடன் தனியாக விற்கும் சாஸிக்கு மாறுங்கள் என்பேன். அதற்குப் பணம் இல்லையென்றால் வண்டியின் உயரத்தைச் சற்றுக் குறையுங்கள். முன் டயரின் வெளிப்பக்கச் சுவரில் சூப்பர் பசையை மெல்லிய வளையமாகப் பூசிக் காயவிடுங்கள். இறுகிய அந்தச் சுவர் மண்ணைக் கடிக்காமல் சறுக்கும், வண்டி உருளாது.

ஓட்டி முடித்ததும் மோட்டாரின் வெப்பத்தை அளந்து பாருங்கள். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பினியனில் (மோட்டார் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம்) ஒரு பல்லைக் குறையுங்கள். உங்கள் ஹீட் (பந்தயச் சுற்று) முடிந்ததும் பிட்டுக்கு ஓடாமல் அடுத்த ஹீட்டுக்கு மார்ஷலாக (கவிழ்ந்த வண்டிகளை நிமிர்த்துபவராக) நில்லுங்கள். பல கிளப்புகளில் அது கட்டாயம், தவறினால் உங்கள் தகுதிச்சுற்று நேரத்தையே நீக்கிவிடுவார்கள்.

களிமண்தடம்:

மூவருக்கும் நன்றி. டயர், பாடித் துளை, சாஸி, அதன்பின் நடு டிஃப் என்ற வரிசையில் செல்கிறேன். ஒரு சிறு சந்தேகம்: ஷாக் ஆயில் குப்பியில் 30 என்றும் டிஃப் ஆயில் குப்பியில் 10,000 என்றும் இருக்கிறதே, இரண்டும் ஒரே அளவுகோலா?

பற்சக்கரம்:

இல்லை. இரண்டும் சிலிகான்தான், ஆனால் ஷாக் குப்பியில் இருப்பது வெயிட் எண், டிஃப் குப்பியில் இருப்பது சென்டிஸ்டோக் (பாகுத்தன்மையின் அலகு). 30 வெயிட் என்பது ஏறத்தாழ 350 சென்டிஸ்டோக். வெயிட் எண் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறும் என்பதால், சென்டிஸ்டோக்கையும் அச்சிட்டிருக்கும் குப்பியாகப் பார்த்து வாங்குங்கள். உங்கள் தடம் மேடுபள்ளமாக இருந்தால் ஷாக்கில் இப்போது இருக்கும் ஆயிலோடு ஓட்டிவிட்டு, இறங்கும்போது சாஸி தரையைத் தட்டினால் மட்டும் ஒரு படி கெட்டியாக்குங்கள்.