புதுப்பிப்பு: ஜிப்சி ட்ரான்ஸ்ஃபர் கேஸைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு ஷாஃப்ட் நீளம்

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: மாருதி ஜிப்சியில் நீளமான கியர்பாக்ஸ் ஏற்றியதால் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (இன்ஜின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) 50 மி.மீ. பின்னால் போய்விட்டது, அங்கிருந்து முன், பின் ஆக்சில்களுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்களை எப்படி அளப்பது என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வண்டி ஓடுகிறது.

"ஜாக்கியில் தூக்கி அளக்காதே, நான்கு சக்கரமும் தரையில் நிற்கட்டும்" என்ற யோசனைதான் காப்பாற்றியது. அதற்கு முன் ஆக்சிலைத் தொங்கவிட்டு அளந்து வைத்திருந்தேன். பின் ஷாஃப்டில் 22 மி.மீ. கூடுதலாகக் காட்டியது. அதையே லேத்துக்குக் கொடுத்திருந்தால் முதல் பள்ளத்திலேயே ஸ்லிப் யோக் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் விடும் சறுக்கு இணைப்பு) அடிமுட்டியிருக்கும். சமதளத்தில் நிறுத்தி, ஃபிளாஞ்ச் (ஷாஃப்டை போல்ட் போட்டு மாட்டும் தட்டு) முகத்திலிருந்து முகம்வரை அளந்தேன். பின்னது 50 குறைந்தது, முன்னது 50 கூடியது. ஸ்லிப்பைப் பாதி இழுத்த நிலையில் வைத்துத்தான் குழாயை வெட்டச் சொன்னேன். கியர்பாக்ஸுக்கும் கேஸுக்கும் நடுவே இருக்கும் குட்டி ஷாஃப்டில் கை வைக்கவில்லை.

எதிர்பாராதது ஒன்று. மாட்டியதும் 55 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கையே அதிர்ந்தது. பேலன்சிங் சரியில்லை என்று பட்டறைக்காரரிடம் வீணாகச் சண்டை போட்டேன். கீழே படுத்துப் பார்த்தால், பின் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கும் கவை போன்ற யோக்குகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. ஸ்லிப் சொருகும் பல் வரிசையில் (ஸ்ப்லைன்) ஒரு பல் தள்ளிச் சொருகியது நான்தான்! கழற்றி நேராக்கியதும் அதிர்வு போயிற்று. அப்புறம் பெயின்டால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டு வைத்துவிட்டேன். பட்டறைக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்தாயிற்று.