அண்ணன் கேட்ட காசுச் சத்தம்

ஃபோனில் மெசேஜ் டோனாக வைக்க மாரியோவின் காசுச் சத்தம் வேண்டும் என்று போன வருஷம் அண்ணன் கேட்டான். இணையத்தில் நூறு கிடைக்கும். ஆனால் நான் பார்த்தவற்றில் ஒன்று பின்னால் பாட்டு கலந்திருந்தது, இல்லையென்றால் எம்பி3 ஆக்கி நசுக்கியிருந்தார்கள். நானே எடுத்துத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன்.

கேசட்டுக்குள் ஒலிக்கோப்பு ஒன்று இருக்கும், உருவிவிடலாம் என்றுதான் நினைத்தேன். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் ஆட்டம் முழுவதுமே 40 கிலோபைட். அதில் பதிவு செய்த சத்தத்துக்கு ஏது இடம்? காசுச் சத்தம் என்பது நிண்டெண்டோ கேம் பெட்டியின் ஒலிச் சிப்புக்குப் போகும் சில கட்டளைகள்தான். ஒரு சதுர அலையைத் தொடங்கு, ஐந்து ஃபிரேம் (திரையில் ஒரு படம் நிற்கும் நேரம், நொடிக்கு 60) கழித்து ச-விலிருந்து ம-வுக்குத் தாவு, அப்படியே தேய்ந்து அடங்கு. மொத்தம் 53 ஃபிரேம், ஒரு நொடிகூட இல்லை. ஆக, ஆட்டத்தை ஓடவிட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அந்த சிப்பில் ஐந்து சேனல்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல், சின்னப் பதிவுகளுக்கு ஒன்று. காசு ஒலிப்பது இரண்டாவது சதுர அலையில். பாட்டின் முக்கிய மெட்டும் அதே சேனலில்தான் போகிறது, அதனால் காசு விழும்போது மெட்டு வாயை மூடிக்கொள்ளும். (இத்தனை வருஷம் விளையாடியும் இதைக் கவனித்ததே இல்லை.) குதிக்கும் சத்தம் முதல் சதுர அலை. மெசன் எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டியைக் கணினியில் அப்படியே போலச் செய்யும் மென்பொருள்) மற்ற நான்கு சேனலின் ஒலியையும் சுழியமாக்கி, முதல் கேள்விக்குறிக் கட்டையை முட்டி, பதிவு செய்து, முன்னும் பின்னும் இருந்த மெட்டை வெட்டினேன். கண்ணாடி மாதிரி சுத்தம். அனுப்பினேன்.

அண்ணனிடமிருந்து வாய்ஸ் மெசேஜ்: "டேய், இது அது இல்லடா. நம்ம வீட்டுது மூக்கால பாடும்."

முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம் யோசித்தால், எங்கள் வீட்டு டயனோரா டிவியில் மாட்டியிருந்தது நிண்டெண்டோவே இல்லை. பஜாரில் வாங்கிய நகல் 'டிவி கேம்'. நம் ஊர் டிவிக்கு ஏற்ப அது நொடிக்கு 60 ஃபிரேமுக்குப் பதில் 50 ஓடும். ஆனால் ப்ராசசர் வேகம் அசலில் 1.79 மெகாஹெர்ட்ஸ், இந்த வகை நகலில் 1.77. எனவே சுருதி அநேகமாக அதேதான், நடை மட்டும் மந்தம். அதே காசு ஒரு நொடியைத் தாண்டி இழுக்கும்.

மூக்கு விஷயம் வேறு. சதுர அலை பாதி நேரம் மேலே நின்றால் சத்தம் உருண்டையாக இருக்கும். கால்வாசி நேரம் மட்டும் நின்றால் மெலிந்து, கொஞ்சம் நாதஸ்வரச் சீவாளி மாதிரி ஆகிவிடும். பல நகல் சிப்புகளில் இந்தப் பாதியும் காலும் இடம் மாறிக் கிடந்தன. மாரியோவின் காசு பாதிக்கு எழுதப்பட்டது, எங்கள் பெட்டி அதைக் காலில் பாடியிருக்கிறது.

மெசனில் இதற்கென்றே ஒரு அமைப்பு இருக்கிறது. சதுர அலைகளின் டியூட்டியை (அந்தப் பாதி, கால் கணக்கை) மாற்றிப்போடும் பெட்டியை டிக் செய்து, மண்டலத்தை 'டெண்டி' என்று வைத்தேன் (ரஷ்யாவில் விற்ற நகலின் பெயர் அது). மறுபடி அதே கட்டை, அதே முட்டு. அனுப்பினேன்.

பதில் இல்லை. மறுநாள் அண்ணிதான் ஃபோன் பண்ணினார். "காலையிலேர்ந்து எனக்கு மெசேஜ் அனுப்பு, மெசேஜ் அனுப்புன்னு உசிரை வாங்குறார். என்னத்தை அனுப்பி வெச்சீங்க?"

*

மேலே காசுக் கதை எழுதியவருக்கு: எனக்கு நேர் எதிர் அனுபவம். சூப்பர் நிண்டெண்டோவில் (அடுத்து வந்த பெட்டி) நிஜமாகவே பதிவுத் துண்டுகள் உண்டு. 64 கிலோபைட் ஒலி நினைவகம், எட்டுக் குரல் (சேனல்தான்), 16 ஒலி மாதிரிகளை 9 பைட்டில் அடைக்கும் பிஆர்ஆர் சுருக்கம். சூப்பர் மாரியோ வேர்ல்டின் எஸ்பிசி கோப்பை (அந்த ஒலி நினைவகத்தின் நகல்) எடுத்து, ஸ்ப்ளிட்700 என்ற கருவியில் பிரித்து, ஆசையாக ஒவ்வொன்றாகத் திறந்தேன். 'டக்'. 'ப்ம்'. 'ட்ஸ்'. இசைக்கருவிகளின் நுனியும் துணுக்கும்தான். காசும் இல்லை, குதியும் இல்லை. அதே துணுக்குகளை வெவ்வேறு சுருதியில் தட்டித்தான் ஆட்டம் சத்தத்தைச் செய்துகொள்கிறது. மளிகைக் கடைக்குப் போய் சாம்பார் கேட்டவன் நிலைமை. கடைசியில் எமுலேட்டரில் தேவையில்லாத குரல்களை அணைத்துவிட்டு, உங்களைப் போலவே ஓடவிட்டுத்தான் பிடித்தேன்.

*

நான் மூன்றாமவன். மாரியோவை விட்டு சேகாவின் சோனிக் ஆட்டத்தின் பக்கம் வந்தவர்களுக்கு வேலை சுலபம். 1991-இல் வந்த முதல் ஆட்டத்தின் முகப்புத் திரையில் மேல், கீழ், இடம், வலம் அழுத்தி, ஏ-யைப் பிடித்தபடி ஸ்டார்ட் கொடுத்தால் கட்டத் தேர்வுப் பட்டியல் வரும். அதிலேயே ஒலிச் சோதனையும் இருக்கிறது. பின்னணிப் பாட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். சோனிக் வளையத்தை எடுக்கும்போது வரும் சத்தத்தின் எண் அந்தச் சோதனையில் பி5. அதைப் பதிவு செய்தேன், ஒரு காதில்தான் கேட்டது. ஹெட்ஃபோன் போயிற்று என்று வயரை முறுக்கினேன், ஜாக்கைத் துடைத்தேன், புதிதாகவே ஒன்று வாங்கிவிட்டேன். மறுபடி பி5 அடித்தால் இப்போது மற்றக் காதில்! ஆட்டமே ஒவ்வொரு வளையத்தையும் இடம், வலம் என்று மாற்றி மாற்றித்தான் அனுப்புகிறது. மோனோ டிவியில் விளையாடியவனுக்கு இது எப்படித் தெரியும்? இரண்டையும் தனித்தனியாக எடுத்து வையுங்கள், ஒன்றை மட்டும் எடுத்தால் பாதிதான்.

*

முதலில் எழுதிய காசுக்காரன்தான் மறுபடி. அண்ணனுக்கு இப்போது பேட்டில் சிட்டி டாங்கின் குண்டு செங்கல்லில் படும் சத்தம் வேண்டுமாம். அந்த ஆட்டத்தில் எஞ்சின் உறுமல் ஓயவே மாட்டேன் என்கிறது. யாராவது பிரித்து எடுத்திருந்தால் எப்படி என்று சொல்லுங்கள், வாய்ஸ் மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது.