2,300 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, அதற்குள் கிளட்ச் வழுக்குகிறது. பிரித்துப் பார்க்க வேண்டுமா?

ஐந்தாம்கியர்:
வணக்கம். புது பைக், வாங்கி மூன்று மாதம் ஆகிறது. ஒரு வாரமாக ஒரு பிரச்சினை. ஐந்தாம் கியரில் 70-ல் போகும்போது முன்னால் போகிற லாரியை முந்த ஆக்சிலரேட்டரைத் திருகினால், ஆர்பிஎம் (எஞ்சின் சுற்று) முள் 5,000-லிருந்து 7,000-க்குத் தாவுகிறது. ஸ்பீடோமீட்டர் அப்படியே நிற்கிறது. இரண்டு மூன்று விநாடி கழித்துத்தான் வண்டி மெதுவாக இழுக்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. நேற்று நீண்ட ஏற்றம் ஒன்றில் ஏறி நிறுத்தியபோது கருகிய வாடை வந்தது. மைலேஜும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதல் சர்வீஸ் 900-ல் முடிந்தது. சர்வீஸ் சென்டரில் ஒருவர் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, "புது வண்டி, போகப்போக செட் ஆகிவிடும்" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. இவ்வளவு சீக்கிரம் கிளட்ச் பிளேட் போகுமா?

இரும்புக்குதிரை:
நீங்கள் சொல்கிற அறிகுறி கிளட்ச் ஸ்லிப்தான் என்று தோன்றுகிறது, ஆனாலும் உறுதி செய்துகொள்ளுங்கள். வண்டி நன்றாகச் சூடான பிறகு ஆளில்லாத நேரான சாலையில் நான்காம் கியரில் 40-ல் போங்கள். அங்கிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகுங்கள். ஆர்பிஎம்மும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. ஆர்பிஎம் மட்டும் துள்ளினால் வழுக்குகிறது. தெருவைச் சுற்றி ஓட்டினால் இது தெரியாது, சுமை ஏறினால்தான் தெரியும்.

அப்புறம், சர்வீஸில் என்ன ஆயில் ஊற்றினார்கள்? டின்னில் ஜாசோ (பைக் ஆயிலுக்கான ஜப்பானியத் தரக் குறியீடு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும். நம் வண்டிகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலிலேயே ஊறிக்கிடக்கிறது. எம்பி என்று போட்ட ஸ்கூட்டர் ஆயிலையோ, எரிபொருள் சிக்கனத்துக்காக வழுக்கல் சேர்த்த கார் ஆயிலையோ ஊற்றினால் பிளேட் பிடிக்காது.

பட்டறைக்காரன்:
தம்பி, எதையும் பிரிக்க வேண்டாம். முதலில் லிவரைப் பாருங்கள். 2,300-ல் வழுக்கும் வண்டி பட்டறைக்கு வந்தால் நான் முதலில் தொடுவது அதைத்தான்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது கிளட்ச் லிவரின் நுனியை ஒரு விரலால் லேசாக இழுங்கள். கேபிள் இறுகுவதற்கு முன் நுனி சும்மா ஆடுகிற தூரம்தான் ஃப்ரீ பிளே. பெரும்பாலான வண்டிகளுக்கு அது 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இருக்கும், உங்கள் வண்டியின் சரியான அளவு மேனுவலில் போட்டிருக்கும். அந்த ஆட்டம் இல்லையென்றால், நீங்கள் லிவரைத் தொடாதபோதும் கேபிள் கிளட்சைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பிரிங் தன் முழு பலத்தோடு பிளேட்டுகளை அழுத்த முடியாது. நாள் முழுக்க ஹாஃப் கிளட்சில் ஓட்டுவது மாதிரிதான்.

புது வண்டியில் இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், புது பிளேட்டுகள் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒன்றோடொன்று படிந்து உட்காரும். அடுக்கின் கனம் ஒரு இழை குறையும். பிளேட் தேய்ந்தால் லிவர் தளர்ந்து போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கேபிள் வைத்த பெரும்பாலான வண்டிகளில் நடப்பது நேர்மாறு: அடுக்கை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் உள்ளே போகப்போக லிவரில் ஆட்டம் குறைந்துகொண்டே வரும். தொடக்கத்தில் சரியாக இருந்த லிவர் 2,000-ல் இறுகியிருக்கலாம்.

இன்னொன்று. ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் ஆட்டம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால் கேபிள் எங்கோ சிக்கி இழுபடுகிறது.

ஐந்தாம்கியர்:
அண்ணா, பார்த்துவிட்டேன். ஆட்டம் சுத்தமாக இல்லை. ஹேண்டிலை இடப்பக்கம் முழுக்கத் திருப்பினால் லிவர் இன்னும் விறைக்கிறது. நான்காம் கியர் சோதனையில் முள் துள்ளியது. ஆயில் டின்னின் படம் கைப்பேசியில் இருந்தது, எம்ஏ2 தான்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. சர்வீஸ் முடிந்த புதிதில் லிவர் தளர்வாக இருந்தது, சிக்னலில் நியூட்ரல் விழவே இல்லை. அதனால் லிவர் பக்கத்தில் இருக்கும் அட்ஜஸ்டரை நானே நாலைந்து சுற்று திருகி இறுக்கினேன். நியூட்ரலும் சுலபமாக விழுந்தது. அப்படியே ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன்.

பட்டறைக்காரன்:
காரணம் கிடைத்துவிட்டது. ஆட்டம் அதிகமானால் கிளட்ச் முழுதாக விடாது, நியூட்ரல் விழாது. நீங்கள் இறுக்கியதில் தப்பில்லை, அளவு பார்க்காமல் இறுக்கியதுதான் தப்பு. அதோடு பிளேட்டும் படிந்து உட்கார, மிச்சமிருந்த ஆட்டமும் போய்விட்டது.

இப்போது இப்படிச் செய்யுங்கள். லிவர் பக்கத்து அட்ஜஸ்டரை ஏறக்குறைய முழுக்க உள்ளே திருகிவிடுங்கள். கீழே எஞ்சின் பக்கம் இருக்கும் அட்ஜஸ்டரின் லாக் நட்டைத் தளர்த்தி, அங்கே ஆட்டத்தை வையுங்கள். மீதி நுணுக்கத்தை மேலே சரிசெய்யுங்கள். லாக் நட்டை இறுக்க மறக்காதீர்கள். ஹேண்டிலை இரு பக்கமும் திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். பிறகு அதே நான்காம் கியர் சோதனை. இன்னும் வழுக்கினால் பிளேட் சூட்டில் வெந்திருக்கிறது, திறந்துதான் ஆக வேண்டும். அதுவரை ஏற்றத்திலும் பின்னால் ஆள் வைத்தும் ஓட்டாதீர்கள்.

சங்கிலிச்சத்தம்:
இடையில் ஒரு சந்தேகம். என் வண்டி ஹைட்ராலிக் கிளட்ச், அதில் கேபிளே இல்லை, எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிறது. லிவரை வேறு கம்பெனி லிவராக மாற்றிய பிறகு சூடானால் வழுக்குகிறது. இதற்கும் அதே காரணமா?

பட்டறைக்காரன்:
ஏறக்குறைய அதேதான். புது லிவர், அதோடு சேர்ந்திருக்கும் எண்ணெய் சிலிண்டரின் (மாஸ்டர் சிலிண்டர்) பிஸ்டனை எப்போதும் கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தால், எண்ணெய் திரும்பிப் போகும் சின்னத் துளை அடைபடும். சூட்டில் எண்ணெய் விரியும்போது அழுத்தம் வெளியேற வழியில்லாமல் கிளட்சை விடுவிக்கப் பார்க்கும். பழைய லிவரை மாட்டி ஓட்டிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

ஐந்தாம்கியர்:
நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். 12 மில்லிமீட்டர் ஆட்டம் வைத்தேன். இடப்பக்கம் கேபிள் ஒரு வயர்க்கட்டில் மாட்டியிருந்தது, அதையும் விடுவித்தேன். குளிர்ந்த எஞ்சினில் நன்றாக இழுக்கிறது. அரை மணி நேரம் ஓட்டிச் சூடானதும், முன்பைவிடக் குறைவு என்றாலும், முள் இன்னும் துள்ளுகிறது.

இரும்புக்குதிரை:
பிளேட்டுகளை எடுத்து உப்புத்தாளால் தேய்த்துப் போட்டால் கொஞ்ச நாள் ஓடுமே? புதுப் பிளேட்டு மாற்ற மனசு வராதே.

பட்டறைக்காரன்:
கிளட்சில் பிடிப்புப் பூச்சுள்ள ஃப்ரிக்‌ஷன் பிளேட்டும் வெறும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி இருக்கும். ஸ்டீல் பிளேட் வளையாமலும் நிறம் மாறாமலும் இருந்தால் லேசாகத் தேய்த்துப் போடலாம். ஃப்ரிக்‌ஷன் பிளேட் மினுங்க ஆரம்பித்தால் தேய்ப்பது சில நாள் சமாளிப்புதான், மறுபடி வழுக்கும். தம்பி, திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து பாருங்கள். பிளேட்டின் கனத்தையும் ஸ்பிரிங் நீளத்தையும் வெர்னியரில் அளக்கச் சொல்லுங்கள். ஸ்டீல் பிளேட்டைச் சமதளத்தில் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம்கியர்:
இன்று திறந்தார்கள், பக்கத்திலேயே நின்றேன். ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகள் துடைத்த சிலேட்டு மாதிரி வழவழவென்று இருந்தன. ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டில் மயில் கழுத்து நிறத்தில் திட்டுத்திட்டாக நீலம் ஏறியிருந்தது. ஸ்பிரிங் நான்கும் அளவுக்குள்தான் இருந்தன, ஆனாலும் செட்டாக மாற்றிக்கொண்டேன். புது ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்துத்தான் மாட்டினார்கள். பழைய ஆயிலில் பிளேட்டின் கருந்துகள் கலந்திருந்ததால் ஆயிலும் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பிளேட் தேய்மானப் பாகம் என்று வாரண்டியில் சேர்க்கவில்லை. அட்ஜஸ்டரைத் திருகியது நான் என்பதால் நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மாலையில் அதே ஏற்றத்தில் ஏறிப் பார்த்தேன். முள்ளும் வேகமும் ஒன்றாக ஏறின. வாடை இல்லை. அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி.

பட்டறைக்காரன்:
நல்லது தம்பி. இந்தப் பிளேட்டும் புதுசுதான், இதுவும் படிந்து உட்காரும், லிவரில் ஆட்டம் மறுபடி குறையும். 500 கிலோமீட்டர் ஆனதும் காலையில் வண்டியை எடுப்பதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள்.